பாடிப் போகிறவனின் முழங்கால்

புரோ கபடி லீக்கின் 12ஆவது சீசனுக்கான ஏலம் 2025 மே கடைசியில் மும்பையில் தொடங்கியது. அதில் பிரதீப் நர்வால் பெயரை வாசித்தார்கள். பன்னிரண்டு அணிகள் உட்கார்ந்திருந்தும் ஒரு கை கூட உயரவில்லை. ரெய்டில் மட்டும் 1801 புள்ளி எடுத்தவர் அவர். அந்த லீக்கில் அவ்வளவு புள்ளி எடுத்தவர் அன்றைக்கு வேறு யாரும் கிடையாது. வயது 28. ஏலம் முடிந்த கொஞ்ச நாளிலேயே ஓய்வை அறிவித்துவிட்டார்.

பாண்டிச்சேரியின் பாகூர் கொம்யூனில் எங்கள் ஊர் டீக்கடையில் அன்றைக்கு இதைத் தவிர வேறு பேச்சில்லை. “28 வயசுல ரிட்டயர்டாண்ணா?” என்று ஒரு பையன் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருந்தான். அவன் பிரதீப்பைப் பார்த்துத்தான் குனிந்து நுழையப் பழகியவன். அந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

எங்கள் பக்கம் கபடி எப்படி என்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் பாகூர், வில்லியனூர் பக்கத்துக் கிராமங்களில் எங்கேயாவது ஒரு திடலில் ஃபோகஸ் லைட் கட்டியிருப்பார்கள். கடலூர், பண்ருட்டி, விழுப்புரம் பக்கத்திலிருந்தெல்லாம் டீம் வரும். சுண்ணாம்புக் கோடு, மைக்செட், சுழற்கோப்பை, ராத்திரி விடிய விடிய ஆட்டம். பெரியவர்கள் இன்றைக்கும் சடுகுடு என்றுதான் சொல்வார்கள். பையன்களுக்கு அது ரெய்டு, டேக்கிள், லோனா, போனஸ். 2014இல் டிவியில் புரோ கபடி வந்த பிறகு மாறியது இந்தப் பேச்சு மட்டுமில்லை. ஊரில் நன்றாகப் பாடிப் போகிற, அதாவது ரெய்டு போகிற, பையனுக்கு ஒரு விலை உண்டு என்கிற எண்ணமும் அப்போதுதான் வந்தது.

பிரதீப் ஹரியானாவின் சோனிபத் மாவட்டத்தில் ரிந்தானா என்கிற கிராமத்துக்காரர். 2015இல் பெங்களூரு புல்ஸ் அணி அவரை எடுத்தது. சில ஆட்டங்கள்தான் கிடைத்தன, பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த வருஷம் பாட்னா பைரேட்ஸுக்குப் போனார். அங்கேதான் வெடித்தார். 2016 தொடக்கத்தில் ஒரு கோப்பை, அதே வருஷ நடுவில் இன்னொன்று, 2017இல் மூன்றாவது. தொடர்ந்து மூன்று சீசன் பாட்னாதான் சாம்பியன். மூன்றாவது கோப்பையின்போது கேப்டனும் அவரே. அந்த 2017 இறுதியாட்டம் நடந்தது சென்னை நேரு உள்விளையாட்டரங்கில். குஜராத்தை 55க்கு 38 என்று அடித்தார்கள். எங்கள் பக்கத்திலிருந்து வேன் வைத்துக்கொண்டு போய்ப் பார்த்தவர்கள் இன்றைக்கும் அந்தக் கதையைச் சொல்வார்கள்.

அந்த ஒரு சீசனில் மட்டும் அவர் ரெய்டில் எடுத்தது 369 புள்ளி. ஹரியானா ஸ்டீலர்ஸுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 34. அந்த ஆட்டத்தில் ஒரு ரெய்டு உண்டு. எதிரே நின்ற ஆறு பேரையும் ஒரே மூச்சில் காலி செய்துவிட்டு வருவார். ஆல்அவுட்டையும் சேர்த்து அந்த ஒரு ரெய்டுக்கே எட்டுப் புள்ளி. நான் அதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், இன்னும் அலுக்கவில்லை.

டுப்கி என்று அதற்குப் பெயர். முழுகுவது மாதிரி. ரெய்டரைப் பிடிக்க இரண்டு மூன்று பேர் கை கோத்துச் செயினாக வருவார்கள். மற்ற ரெய்டர்கள் சுற்றிக்கொண்டு ஓடுவார்கள், இல்லையென்றால் தள்ளிக்கொண்டு வருவார்கள், ரொம்பத் துணிந்தவர்கள் மேலே தாவுவார்கள். பிரதீப் கீழே போவார். ஒரு நொடியில் முழங்காலை மடக்கி, இடுப்பைத் தரைக்குப் பக்கமாக இறக்கி, கோத்த கைகளுக்கு அடியில் தலையை விட்டு, அந்தப் பக்கம் வெளியே வந்து நடுக்கோட்டுக்குக் கையை நீட்டிவிடுவார். வெறுமனே குனிந்தால் முதுகிலேயே அமுக்கிவிடுவார்கள். குனிந்தபடியே வேகம் குறையாமல் ஓட வேண்டும். மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள், அந்த நேரத்தில் அவருடைய உடம்பு எடை மொத்தமும் மடங்கிய ஒரு முழங்காலில்தான் இருக்கும். அதன்மேல் இரண்டு பேர் எடை வந்து விழும். இதை ஒரு ஆட்டத்தில் ஒரு தடவை செய்தால் பரவாயில்லை. அவர் வருஷக்கணக்கில் செய்தார்.

2021 ஏலத்தில் யு.பி. யோதா அவருக்கு 1.65 கோடி கொடுத்தது. அதுவரை அந்த லீக்கில் யாருக்கும் அவ்வளவு கொடுத்ததில்லை. எங்கள் ஊர்ப் பையன்கள் அந்தத் தொகையைச் சொந்தக்காரனுக்கு வந்த மாதிரி சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். ஆனால் உச்சம் அதற்கு முன்பே வந்து போயிருந்தது. 2019 சீசனில் 300க்கு மேல் எடுத்தவர், யு.பி.க்குப் போன முதல் சீசனில் 200ஐத் தொடவில்லை. அடுத்த சீசனில் கொஞ்சம் ஏறினார். பிறகு இறங்கினார். 2024இல் 70 லட்சத்துக்குப் பழைய பெங்களூரு புல்ஸே திரும்ப வாங்கியது, கேப்டனும் ஆக்கியது. அந்த சீசனில் அணி கடைசி இடம். அதற்கடுத்த ஏலம்தான் நான் முதலில் சொன்னது.

என்ன ஆயிற்று அவருக்கு? சோம்பேறி ஆகிவிட்டார், பணம் வந்ததும் அக்கறை போய்விட்டது என்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. டிஃபெண்டர்கள் அவரைப் படித்துவிட்டார்கள். செயின் போட்டுக்கொண்டு முன்னால் வந்து மாட்டுவதை நிறுத்திவிட்டு, பின்னால் நின்று, அவர் குனிகிற வரை காத்திருந்து, ஓரத்தில் நிற்கிற கார்னர்காரர் காலைப் பிடிக்க ஆரம்பித்தார். இவருக்கோ குனிகிற வேகத்தில் ஒரு இம்மி குறைந்திருந்தது. டுப்கியில் ஒரு இம்மி குறைந்தால் தப்பிப்பதற்கு வேறு வழி கிடையாது. 19, 20 வயசு உடம்பில் பிறந்த வித்தை அது. அந்த வயசு போனால் வித்தையும் கூடவே போகிறது.

நம்ம தமிழ் தலைவாஸ் அணிக்கு நடந்ததை இங்கே சொல்லியாக வேண்டும். 2022 ஏலத்தில் பவன் ஷெராவத்தை 2.26 கோடிக்கு எடுத்தார்கள். அன்றைய தேதிக்கு அதுதான் உச்ச விலை. ஒரே ஆட்டத்தில் 39 ரெய்டு புள்ளி எடுத்த ஆள், உயரத் தாவுவதில் அவருக்கு இணை இல்லை. இந்த முறை கோப்பை நமக்குத்தான் என்று எங்கள் பக்கம் எல்லோரும் நம்பினோம். அக்டோபர் 8, பெங்களூரில் குஜராத்தோடு முதல் ஆட்டம். தொடங்கிப் பத்து நிமிஷம் ஆகியிருக்கும். எதிர் ரெய்டரைப் பிடிக்கப் போன பவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். தூக்கிக்கொண்டு போனார்கள். அந்த சீசன் முழுக்க அவர் திரும்பவில்லை. 2.26 கோடியும் பத்து நிமிஷமும்.

பவன் எழுந்து வந்ததையும் சொல்ல வேண்டும். அடுத்த வருஷம் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்தியாவுக்குக் கேப்டனாக நின்று, ஈரானை 33க்கு 29 என்று ஜெயித்துத் தங்கம் வாங்கினார். அதே மாதம் நடந்த ஏலத்தில் தெலுங்கு டைட்டன்ஸ் அவருக்கு 2.60 கோடிக்கும் மேல் கொடுத்தது. நல்ல அறுவை சிகிச்சை, நல்ல பிசியோ, மாதக்கணக்கில் பொறுமையான பயிற்சி, அதுவரை சோறு போட ஒரு இடம். இந்த நாலும் இருந்ததால் அந்த முழங்கால் திரும்பி வந்தது. இந்த நாலையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் நடந்தது அந்த 2022இல். பவன் இல்லாத இடத்தில் நரேந்தர் என்கிற புதுப் பையனை இறக்கினார்கள். அவன் முதல் சீசனிலேயே 243 ரெய்டு புள்ளி எடுத்தான், தலைவாஸ் முதல் தடவையாக அரையிறுதிக்குப் போனது. நாங்கள் கொண்டாடினோம். கோடி ரூபாய் ஆள் விழுந்தாலும் ஆட்டம் நிற்காது, அடுத்தவன் கோட்டுக்கு வெளியே தயாராக நிற்பான் என்பதும் அன்றைக்குத்தான் உறைத்தது.

கபடிக்கு மட்டும் என்றில்லை. அமெரிக்காவில் ஃபுட்பால் என்று ஒன்று ஆடுவார்கள். நம்ம கால்பந்து இல்லை, முட்டை வடிவப் பந்தைக் கையில் இறுக்கிக்கொண்டு எதிரணிக் கூட்டத்துக்குள் புகுந்து ஓடுகிற ஆட்டம். அந்தப் பந்தை வாங்கிக்கொண்டு ஓடுகிறவருக்கு ரன்னிங் பேக் என்று பெயர். நம்ம ரெய்டருக்கு ரொம்பக் கிட்டத்து உறவு அது. தனி ஆளாக உள்ளே போக வேண்டும், எல்லோரும் அவன் காலையே குறிவைப்பார்கள். அங்கே மிசிசிப்பி மாகாணத்தில் ஃபிலடெல்ஃபியா என்கிற சின்ன ஊரில், மார்கஸ் டுப்ரீ என்ற கறுப்பினப் பையன் 1980களின் தொடக்கத்தில் பள்ளி ஆட்டத்தில் சாதனை மேல் சாதனை படைத்தான். 1964இல் சிவில் உரிமைப் போராட்டக்காரர்கள் மூன்று பேரைக் கொன்று புதைத்தார்களே, அதே ஊர். அவன் பிறந்ததும் அதே வருஷம். அவனைத் தங்கள் கல்லூரிக்கு இழுக்கப் பெரிய பெரிய பல்கலைக்கழகப் பயிற்சியாளர்கள் அந்த ஊரிலேயே வந்து காத்துக் கிடந்தார்கள். அந்தக் கதையை வைத்து வில்லி மோரிஸ் என்கிற எழுத்தாளர் ஒரு புத்தகமே போட்டார்.

கடைசியில் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்தான். முதல் சீசனிலேயே தேசம் முழுக்கப் பேர். 1983 புத்தாண்டன்று நடந்த ஃபியஸ்டா பௌல் ஆட்டத்தில், முழு நேரம் ஆடாமலேயே 239 கஜம் ஓடினான். பயிற்சியாளரோ அவன் உடம்பைச் சரியாக வைத்துக்கொள்ளவில்லை என்று குறை சொன்னார். அதே வருஷம் அக்டோபரில் கல்லூரியை விட்டே போய்விட்டான். அப்புறம் ஒரு புது லீக்கில் தொழில்முறை ஆட்டம். 1985இல் முழங்கால் போனது. ஐந்து வருஷம் வீட்டில் இருந்துவிட்டு, தானே உடம்பைத் தேற்றிக்கொண்டு 1990இல் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணிக்குத் திரும்பினான். அங்கேயும் நீடிக்கவில்லை. அந்தப் பையனைத் தேடி வந்த கூட்டத்தைப் பற்றிப் படிக்கும்போது எனக்கு எங்கள் பக்கத்துத் தெரு நினைவுக்கு வந்தது. காரணம் இருக்கிறது.

சில வருஷம் முன்பு பக்கத்துத் தெருவில் ஒரு தம்பி ப்ளஸ் டூ முடித்தான். பெயர் வேண்டாம். எங்கள் பக்கத்துத் திடல்களில் அவன் பாடப் போனால் மைக்காரர் குரலே மாறும். தேர்வு முடிவு வருவதற்கு முன்பே தமிழ்நாட்டுக் கல்லூரிகளிலிருந்து விளையாட்டுத் துறை ஆட்கள் வீடு தேடி வர ஆரம்பித்துவிட்டார்கள். சீட்டு ஃப்ரீ, ஹாஸ்டல் ஃப்ரீ, மூணு வேளை சாப்பாடு, ஷூ, ட்ராக் சூட். அப்பா நெல்லும் கரும்பும் போடுகிறவர், அதுவும் குத்தகை நிலத்தில். அவர் ஒன்றும் பேசவில்லை. அம்மாதான் கேட்டார்: “எல்லாம் சரி சார். காலு கீலு உடைஞ்சா யாரு பாப்பாங்க?” வந்தவர் சிரித்துக்கொண்டே, “அதெல்லாம் நாங்க பாத்துக்குவோம்மா” என்றார். நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.

இரண்டாவது வருஷம், விடுமுறைக்கு வந்தபோது உள்ளூர்த் திருவிழா ஆட்டம். வலது கார்னர் காலைப் பிடித்தார். தம்பி அந்தக் காலை ஊன்றியபடியே உடம்பைத் திருப்பினான், அதே நேரத்தில் கவர்காரர் பக்கவாட்டில் தொடையில் வந்து மோதினார். “உள்ள மடக்குனு ஒரு சத்தம்ண்ணா, எனக்கே கேட்டுச்சு” என்று அப்புறம் சொன்னான். முழங்காலுக்குள் குறுக்காகப் போகிற ஒரு தசைநார் அறுந்துபோயிருந்தது. ஏசிஎல் என்பார்கள். தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் முறுக்கிக்கொள்ளாமல் கட்டி வைத்திருப்பது அதுதான். முழுக்க அறுந்தால் அது பெரும்பாலும் தானாக ஒட்டுவதில்லை. அடுத்தவர் பிடித்தால்தான் அறுபடும் என்றும் இல்லை, வேகமாக ஓடி வந்து சட்டென்று திரும்பினாலே போதும்.

இரண்டு நாளில் முழங்கால் புடைத்துவிட்டது. யாரோ சொன்னார்கள் என்று எண்ணெய் போட்டு உருவினார்கள். மஞ்சள் பத்து, பிறகு பிரண்டைப் பத்து, பிறகு ஒரு கட்டு. மூன்று வாரத்தில் வீக்கம் வடிந்தது. நடந்தான். சரியாகிவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள். அங்கேதான் மோசம் போகிறோம். வீக்கம் வடிவதும் நடக்க முடிவதும் தசைநார் ஒட்டிவிட்டது என்பதற்கு அடையாளமே இல்லை. தொடைத் தசை பலமாக இருக்கிற பையன் அறுந்த ஏசிஎல்லோடேயே மாதக்கணக்கில் நேராக ஓடுவான். திரும்பும்போதுதான் முட்டி விலகும். ஒவ்வொரு தடவை விலகும்போதும் உள்ளே இருக்கிற ஜவ்வு கிழியும். தம்பி அப்படித்தான் மறுபடி கல்லூரிக்காக மூன்று ஆட்டம் ஆடினான். ஸ்கேன் எடுத்தபோது இரண்டும் போயிருந்தது.

வீட்டுக்கு வந்து வாக்குக் கொடுத்தவர்கள் அப்புறம் ஃபோனை எடுக்கவில்லை. அடுத்த வருஷம் அந்த ஹாஸ்டல் இடத்தில் வேறொரு ரெய்டர். அந்தக் கல்லூரி எது என்று எழுதப்போவதில்லை. எழுதினால் அது ஒரு கல்லூரியின் கதையாகச் சுருங்கிவிடும். அப்படி இல்லை இது.

ஏலமெல்லாம் வருவதற்கு முன்பு எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டும். பைசன் படம் வந்த பிறகு கபடி வீரர் மணத்தி கணேசன் பெயர் எல்லோருக்கும் தெரிகிறது. தூத்துக்குடி மாவட்டத்துக் கிராமத்திலிருந்து போய், 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கிய அணியில் இருந்தவர், அர்ஜுனா விருது வாங்கியவர். அவரை எடுத்தது ஏலம் இல்லை, நிறுவன அணிகள். தமிழ்நாடு மின்வாரியத்துக்காக ஆடினார். ரயில்வே, போலீஸ், ராணுவம், வங்கி, மின்வாரியம் என்று அன்றைக்குக் கபடிக்காரனைத் தேடி வந்தவர்கள் எல்லோரும் கையில் ஒரு வேலையோடு வந்தார்கள். கோடி இல்லை, ஆனால் முட்டி போனாலும் மாசம் பொறந்தால் சம்பளம், கடைசியில் பென்ஷன். ஏலத் தொகையைக் குறைத்துச் சொல்வதாக நினைக்காதீர்கள். குத்தகை விவசாயி வீட்டுக்கு ஒரே ஒரு சீசன் ஏலப் பணம் வந்தால் அந்தக் குடும்பமே நிமிரும். ஆனால் அந்த மேடைவரைக்கும் போகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். மீதிப் பேருக்கு இன்றைக்கும் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைதான் கரை.

டிஃபெண்டர்கள் கதை வேறு என்பதையும் பையன்களுக்குச் சொல்லுங்கள். தஞ்சாவூர்ப் பக்கத்து தர்மராஜ் சேரலாதன், எல்லோருக்கும் அண்ணன். பிரதீப் வாங்கிய இரண்டாவது கோப்பையின்போது பாட்னாவுக்குக் கேப்டன் அவர்தான். அப்போது அவருக்கு வயது 41. அதன் பிறகும் 2019இல் 44 வயதில் ஹரியானா அணிக்குத் தலைமை தாங்கி வலது கார்னரில் நின்றார். ஒரே அணியில் கோப்பையைத் தூக்கிய இரண்டு பேரில் ஒருவர் 28இல் ஓய்வு, இன்னொருவர் 44இலும் களத்தில். கார்னரில் நிற்பவர் காத்திருந்து பிடிக்கிறார், அனுபவம் ஏற ஏற அவர் பிடி கெட்டியாகிறது. ரெய்டருக்கு அப்படி இல்லை. ஆனால் எங்கள் திடல்களில் எந்தச் சின்னப் பையனைக் கேட்டாலும் ரெய்டராகத்தான் வருவேன் என்பான். கைத்தட்டல் அங்கேதான் இருக்கிறது, அவனைக் குறை சொல்ல முடியாது. இரண்டையும் பழக்குங்கள் என்று பயிற்சி கொடுக்கிறவர்களைத்தான் கெஞ்ச வேண்டும்.

இப்போது பையன்கள் மண்ணிலும் ஆடுகிறார்கள், மேட் என்கிற விரிப்பிலும் ஆடுகிறார்கள். மண்ணில் வெறுங்கால் கொஞ்சம் சறுக்கும், அந்தச் சறுக்கல் முட்டியைக் காப்பாற்றும். மேட்டில் ஷூ போட்ட கால் அப்படியே பிடித்துக்கொள்ளும், உடம்பு மட்டும் திரும்பும். பயிற்சி முழுக்க மண்ணில், மேட்ச் மட்டும் மேட்டில் என்று போகிற பையன்களை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. தொடையின் பின்பக்கத் தசையைப் பலப்படுத்துகிற பயிற்சி, தாவி இறங்கும்போது முட்டி உள்பக்கம் சாயாமல் இறங்கப் பழகுவது, ஆட்டத்துக்கு முன்னால் கால் மணி நேரம் உடம்பைச் சூடேற்றுவது, இவற்றுக்குச் செலவே இல்லை. செய்கிற டீமை எங்கள் பக்கம் நான் அபூர்வமாகத்தான் பார்க்கிறேன்.

தம்பி இப்போது அறுவை சிகிச்சை முடிந்து இருக்கிறான். தொடையின் பின்பக்கத்திலிருந்து தசைநாண் எடுத்து உள்ளே புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். ஒன்பது மாதமாவது ஆகும் களத்தில் இறங்க என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். சாயங்காலம் வாய்க்கால் கரையில் நடக்கிறான். பள்ளிப் பையன்களுக்குக் கார்னர் பிடி சொல்லிக்கொடுக்கிறான், குந்தாமல், ஒரு பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்தபடி. விட்ட டிகிரியையும் முடிக்கப் பணம் கட்டியிருக்கிறான். “மறுபடி ரெய்டு போவியாடா?” என்று கேட்டேன். “போவேண்ணா. ஆனா இந்த வாட்டி வேலைக்கு எழுதிட்டுப் போவேன்” என்றான்.

தை பிறந்தால் நம்ம கொம்யூன்களில் வரிசையாக டோர்னமெண்ட். விழாக் கமிட்டி அண்ணன்களுக்கு, தம்பிகளுக்கு: முதல் பரிசுத் தொகையை எவ்வளவு ஏற்றுவது என்று பேசும்போது, திடல் ஓரத்தில் ஒரு மேசையும் ஐஸ் பெட்டியும் ஒரு பிசியோவும் இருக்க என்ன ஆகும் என்று அதே கூட்டத்தில் கணக்குப் போடுங்கள். பாண்டிச்சேரியில் மருத்துவக் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை, ஜிப்மரே பக்கத்தில் இருக்கிறது. பிசியோதெரபி படிக்கிற பிள்ளைகளைக் கூப்பிட்டால் ஒரு ராத்திரி வந்து நிற்பார்கள். விழுந்த பையனை அன்றைக்கே மறுபடி இறக்காதீர்கள், அரையிறுதியாகவே இருந்தாலும். உருவ விடாதீர்கள். ஐஸ் வையுங்கள், காலை உயர்த்தி வையுங்கள், மறுநாள் எலும்பு டாக்டரிடம் கூட்டிப் போங்கள். போக்குவரத்துக்கு ஆகிற செலவைக் கமிட்டிக் கணக்கில் எழுதுங்கள்.